ஐந்து பேருக்கான காற்று

நான்கு பம்புகள் ஒரே குரலில் முனகிக்கொண்டிருந்தன. ஐந்தாவது மட்டும் மூச்சு வாங்கியது.

பெரியவர் கையிலிருந்த பால் புட்டியை மேசையில் வைத்துவிட்டுக் காது கொடுத்தார். பாப்பாவின் அறையில் ஜன்னல் கம்பியிலும், நாற்காலி முதுகிலும், அலமாரிக் கைப்பிடிகளிலும் தீப்பெட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவில் ஐந்து கறுப்புப் பெட்டிகள் தொங்கின. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ரப்பர் குழாய் இறங்கியது. குழாயின் நுனியில் சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி டப்பி, அதற்குள் கறுப்பாக ஒரு வட்டத்தாள். பம்பு காற்றை இழுக்கும். காற்றில் உள்ள தூசி அந்தத் தாளில் தங்கும். எட்டு மணி நேரம் கழித்து டப்பியை மூடிச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் அவர்கள் எடைபோட்டு எண் சொல்வார்கள். அவ்வளவுதான் அதன் வேலை. கரப்பான்பூச்சிக்குக்கூடத் தொந்தரவு செய்யாத சாதனம்.

காலை எட்டு மணிக்கு அவரே ஐந்தையும் ஓடவிட்டார். அப்போது எல்லாம் ஒரே மாதிரிதான் ஓடின. இப்போது மணி ஒன்பதரை. அலமாரியில் தொங்கிய ஐந்தாவது, இழுத்து, நின்று, யோசித்து, மறுபடி இழுத்தது. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மெல்லியதாக ஒரு சீழ்க்கை.

மரத்தொட்டிலில் பாப்பா குப்புறக் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதக் குழந்தை. அந்தக் குடும்பத்தின் நான்காவது தலைமுறை.

இந்த அறையைவிடச் சுத்தமான இடம் அவர் அறிந்த உலகத்தில் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை தரை துடைப்பார்கள். ஜன்னல் திறப்பதில்லை, ஏசி மட்டும்தான். அதனால்தான் பம்புகளை இங்கே கொண்டுவந்தார். மில்லில் உழைக்கும் ஐந்து ஆட்கள் சுவாசிக்க வேண்டிய காற்றை அவருடைய பேத்தியின் அறை அவர்களுக்காகச் சுவாசித்துக் கொடுக்கும். தாள் வெறுமையாகப் போகும். எண் சிறியதாக வரும்.

இதைச் செய்ததற்காக அவர் வெட்கப்படவில்லை. வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் அந்த மில்லின் வாசலில் அவருடைய தகப்பனாரின் பெயர் இரும்பு எழுத்துகளில் நிற்கிறது. மாவை வாங்கும் கண்ணாடி கம்பெனி திடீரென்று ஒரு கடிதம் அனுப்பியது. உங்கள் ஆட்கள் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு கல்தூசி என்று அளந்து அனுப்புங்கள், அளவு மீறினால் தூசி உறிஞ்சும் இயந்திரம் வைக்கும்வரை மில்லை மூடுங்கள் என்று. மூடுவதுகூடப் பெரிதில்லை. அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கெட்ட எண் காகிதத்தில் ஏறிவிட்டால் அது போகாது. தகப்பன் கட்டிய பெயரைக் காப்பாற்றிப் பிள்ளையிடம் கொடுப்பதுதான் மனிதனுக்கு இடப்பட்ட வேலை. மற்றதெல்லாம் பிழைப்பு.

மகனுக்கு இது புரியாது. "இயந்திரத்த வெச்சுட்டுப் போலாம்பா, ஆளுங்க இருமுறாங்க" என்றான். நம் மில்லில் நோய் வருகிறது என்று நாமே ஊர் முழுக்கத் தண்டோரா போடுவதா என்று அவர் கேட்டார். இப்போது மகன் வெளியூரில், அந்த இயந்திரத்தைப் பார்க்கத்தான் போயிருக்கிறான். ஆசிரியையாக இருக்கும் மருமகள் ஏழு மணிக்கே பள்ளிக்கூடம் போய்விட்டாள், ஐந்துக்குத்தான் வருவாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கார அம்மாவுக்கு அவரே இன்று லீவு கொடுத்தார். அறைக்கதவை உள்ளே தாழிட்டார். சாட்சி வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை பம்புகள் அடைத்த பெட்டி வந்தபோதே மேஸ்திரி ஓடிவந்தார்.

"ஐயா, இத ஆளுங்க சட்டையில மாட்டணும். மூக்குக்குப் பக்கத்துல, காலர்ல. எட்டு மணி நேரம்."

"மாட்டலாம். நீ போய் வேலையப் பாரு."

"அந்தச் சோதனைச்சாலைப் பொண்ணு போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சுங்க. அரவை நடக்கற எடத்துலதான் மாட்டணுமாம். ஓடின நேரத்த பம்பே குறிச்சு வெச்சுக்குமாம், ஏமாத்த முடியாதாம்."

"எங்க மாட்டணும்னு எனக்குத் தெரியாதா மேஸ்திரி? நேத்துப் பொறந்த பொண்ணு எனக்குப் பாடம் எடுக்குமா?"

மேஸ்திரி பெட்டியைப் பெரியவரின் காரில் தானே தூக்கிவைத்தார். கதவைச் சாத்தும்போது மட்டும் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினார்.

பெரியவர் எழுந்து ஐந்தாவது பம்பிடம் போனார். ஒவ்வொரு பம்பிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. சீட்டில் ஆளின் பெயர் எழுதியது மேஸ்திரி. மில்லில் யாருக்கும் பெற்றோர் வைத்த பெயர் நிலைப்பதில்லை என்பதால் பட்டப்பெயரையே எழுதியிருந்தார். பட்டாளம். ஒட்டகம். கட்டையன். சித்தப்பா. காலையில் அவர் இவற்றைப் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது?

ஐந்தாவது சீட்டைத் திருப்பினார்.

விசிலு.

அதைப் பிடித்தபடியே மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"அஞ்சாவது சீட்டுல யார் பேரய்யா எழுதியிருக்க?"

"பாத்துட்டீங்களா ஐயா." பின்னணியில் அரவையின் இரைச்சல். யாரோ இருமினார்கள்; இருமல் முடிவதாக இல்லை.

"அவன் செத்து ஒரு வருஷம் ஆச்சு."

"பத்து வருஷத்துக்கு மேல வேலை செஞ்ச அஞ்சு பேர் வேணும்னு ஃபாரத்துல போட்டிருந்துச்சுங்க. உசுரோட இருக்கறது நாலு பேர்தான். நான் எங்க போக?"

"அதுக்குன்னு செத்தவன் பேரையா எழுதுவ?"

"பம்பு எவன் சட்டையிலயும் ஏறப் போறதில்லைன்னு நீங்க கார்ல ஏத்தச் சொன்னப்பவே தெரியும்ங்க. யார் பேரா இருந்தா என்னன்னு எழுதிட்டேன்." இரைச்சலுக்குள் யாரோ ஏதோ கத்திச் சிரித்தார்கள். "இல்லீங்க, பட்டாளம் கேக்கறான். எங்க மூச்சு இன்னிக்கு எங்க டூர் போயிருக்குன்னு. வரும்போது ஏதாச்சும் வாங்கிட்டு வருமான்னு."

பெரியவர் போனை அணைத்தார். இந்த நையாண்டிக்குப் பதில் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

விசிலு நல்ல வேலைக்காரன். அரவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பாட்டை விசிலில் அடிப்பான். கடைசி வருடம் விசில் நின்றுவிட்டது. ஆனால் அவன் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து அதே சத்தம், ராகம் இல்லாமல், தானாக வந்தது. செத்தபிறகு அவன் பெண்சாதி ஒரு காகிதத்தோடு வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். நோய் மில்லில் வந்தது என்று முதலாளி கையெழுத்துப் போட்டால் அரசாங்கத்தில் உதவி கிடைக்கும் என்றாள். அவர் வேறொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். புகைப்பழக்கம் உள்ளவர் என்று. அவன் புகைத்து அவர் பார்த்ததில்லை. பார்க்காததால் இல்லை என்று ஆகிவிடுமா என்று அன்றைக்குத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அவளை அவர் கேட்டுக்குள் விடவில்லை. அதில் அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. அது வீட்டின் சட்டம். மில் வீட்டுக்குள் வராது. அவரும் மகனும் மில்லிலேயே குளித்து, உடை மாற்றி, செருப்பு மாற்றித்தான் காரில் ஏறுவார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் இந்த வாசற்படியை ஒரு துளி மாவு தாண்டியதில்லை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். முகமூடி மட்டும் அவர் போட்டதே இல்லை. ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்ததோடு சரி. சொந்த மில்லில் முகத்தை மூடிக்கொண்டு நிற்க நான் என்ன திருடனா என்பார்.

பத்தரைக்கு அவர் நாக்கில் ஒரு ருசி வந்தது.

தெரிந்த ருசிதான். கல்லோடு கல் உரசும்போது எழுகிற கருகல் வாசனை இருக்கிறதே, அதை யாரோ நாக்கில் தடவியது போல. தண்ணீர் குடித்தார். போகவில்லை. மேசையில் கையூன்றி எழுந்தபோது ஐந்து விரல்களின் தடங்களும் மேசைமேல் தெளிவாக விழுந்தன. சுற்றிலும் வெள்ளையாக ஒரு படலம். குழந்தைக்குப் போடுகிற பவுடர் என்று நினைத்தார். ஒரு விரலில் எடுத்து முகர்ந்தார். பவுடரின் மணம் இல்லை. நாக்கில் வைத்தார். கடைவாயில் நறநறவென்றது.

பாப்பா அசையவில்லை. முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதரைக்கே பாலுக்கு அழ வேண்டிய குழந்தை.

பெரியவர் அந்த அறையோடு ஒட்டிய குளியலறையிலிருந்து வாளியும் துணியும் எடுத்துவந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மண்டியிட்டுத் தரை துடைத்தார். மேசை, அலமாரி, தொட்டிலின் கம்பிகள், ஜன்னல் விளிம்பு என்று ஒன்று விடாமல் துடைத்தார். வாளித் தண்ணீர் பால் மாதிரி ஆயிற்று. ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தார். அதுவும் பால் மாதிரி ஆயிற்று. முதுகை நிமிர்த்தியபோது வியர்வை கண்ணில் இறங்கியது; துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தது நாற்காலி முதுகில் தொங்கிய சித்தப்பாவின் பம்பை. டப்பிக்குள் கறுப்பாக இருந்த தாள் சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஒரு வீட்டில் எங்கிருந்து வரும்?

அவர் யோசிக்கத் தெரிந்த மனிதர். நாலாவது தெருவில் வீடு கட்டுகிறார்கள். இல்லை, ஜன்னல் அடைத்திருக்கிறது. ஏசியாக இருக்கும். அணைத்தார். மற்ற டப்பிகளைப் பார்த்தார். பட்டாளம் கறுப்பு. ஒட்டகம் கறுப்பு. கட்டையன் கறுப்பு. விசிலும் கறுப்பு. சித்தப்பா மட்டும்தான் வெளுத்திருந்தது. காலையிலிருந்து அந்த நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜன்னல் இல்லை, எதுவும் இல்லை.

நாற்காலியைவிட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஒட்டகம்.

பன்னிரண்டரைக்கு ஒட்டகம் வெளுத்தது.

முக்காலியை அலமாரியோரம் தள்ளினார். அங்கே கட்டையன். ஒன்றரை மணிக்குக் கட்டையன், கூடவே விசிலு.

பம்புகளை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் ஐந்தரை மணி நேரத்தில் நின்றது என்று பம்பு குறித்துக்கொள்ளும். சோதனைச்சாலைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கம்பெனிக்குப் போகும். இன்னும் இரண்டரை மணி நேரம். ஈரத்துணியால் டப்பியின் வாயைத் துடைத்தால் போயிற்று. பாப்பாவை மட்டும் கூடத்துக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைக்கலாம் என்று தோன்றியது. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது. தொட்டிலுக்குள் குனிந்து போர்வையை விலக்கினார்.

போர்வையில் அவர் விரல்கள் வெள்ளையாகப் பதிந்தன.

கையை இழுத்துக்கொண்டார். குளியலறையில் சோப்புப் போட்டுக் கழுவினார். முழங்கைவரை கழுவினார். துடைத்த துண்டில் வெள்ளை. மறுபடி கழுவினார். நகக்கண்ணிலிருந்து, ரேகைகளிலிருந்து, மோதிரத்துக்கு அடியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது, முப்பத்தெட்டு வருடமும் தோலுக்கு உள்ளே அடுக்கிவைத்திருந்தது போல. இந்தக் கையால் எப்படித் தொடுவது?

அறைக்குத் திரும்பி, தொட்டிலுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு தூரத்தில், கதவில் சாய்ந்து நின்றார்.

மேற்கு ஜன்னலில் வெயில் வந்திருந்தது. திரைச்சீலைகள் சேராத இடத்தில் ஒரு கை அகலத்துக்கு ஒளிப்பட்டை, அவருக்கு முன்னால் குறுக்கே ஓடித் தொட்டில்மேல் விழுந்தது. அவர் அதையே பார்த்தார். வெயிலில்தான் தூசி தெரியும். மில்லில் கூரை ஓட்டை வழியாக விழும் வெயில், கையால் தொட்டுவிடலாம் போலக் கெட்டியாக இருக்கும். இதில் எதுவும் இல்லை. ஒரு துகள் இல்லை. சுத்தமான, வெறும் வெயில்.

அறை சுத்தமாகத்தான் இருக்கிறது. அவர் பெருமூச்சு விட்டார்.

வெயிலுக்குள் வெள்ளையாக ஒன்று நுழைந்தது.

புகை மாதிரி உருண்டு, விரிந்து, ஒளிப்பட்டையின் நீளத்துக்குப் பரவி, தொட்டில் பக்கமாக நகர்ந்தது. நகர்ந்து மெல்ல இறங்கியது. வெயில் மறுபடி வெறுமையானது.

அவர் மூச்சு விட்டார்.

வெள்ளை.

கையால் வாயைப் பொத்தினார். மூக்கு வழியாக வந்தது. இரண்டு இழைகளாக.

அப்போதுதான் அறையின் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்தார். முனகல் இல்லை. ஐந்து பம்புகளும் மூச்சு வாங்கின. ஒன்றாக. அவர் மூச்சை விடும்போது அவை இழுத்தன. அவர் நிறுத்தினால் அவையும் நின்று காத்திருந்தன. தொங்கிக்கொண்டிருந்த குழாய்கள் தொங்கவில்லை. ஐந்து நுனிகளும் நிமிர்ந்து, கதவோரம் நின்ற அவர் முகத்தைப் பார்த்தன.

மணி மூன்று பத்து.

வெளியே கேட் திறந்தது. மருமகளின் செருப்புச் சத்தம். கூடத்தில் பை வைக்கிற சத்தம். ஐந்துக்கு வர வேண்டியவள்.

"மாமா? மீட்டிங் இல்லன்னுட்டாங்க. சீக்கிரம் வந்துட்டேன். பாப்பா சாப்பிட்டாளா?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கதவுப்பிடி திரும்பியது. தாழ் தடுத்தது.

"உள்ள தாழ் போட்டிருக்கீங்களா? மாமா?" கதவைத் தட்டினாள், முதலில் மரியாதையாக. "அந்தம்மா எங்க? உள்ள என்ன சத்தம் அது? மெஷின் மாதிரி ஏதோ ஓடுது."

தாழ்ப்பாள் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. தூக்கினால் போதும். பேசவேண்டியதில்லை. அவள் உள்ளே ஓடுவாள், குழந்தையைத் தூக்குவாள், வெளியே எடுத்துப் போவாள். தூக்கும்போது ஜன்னலைப் பார்ப்பாள். அலமாரியைப் பார்ப்பாள். சீட்டுகளைப் படிப்பாள். படித்த பெண். ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிடும். இன்றைக்கு இரவு மகனுக்குத் தெரியும். நாளைக்கு ஊருக்கு. இரும்பு எழுத்துகளில் நிற்கிற பெயருக்கு.

அவர் கை தாழ்ப்பாளைத் தொட்டது.

நெஞ்சு அடைத்தது. காது இரைந்தது. இன்னும் பிடிக்கலாம். இன்னும் கொஞ்சம்.

"மாமா, உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சுமா? பேசுங்க மாமா. பேசலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுக் கதவ உடைக்கச் சொல்லுவேன்."

பக்கத்து வீட்டுக்காரர்கள்.

தாழ்ப்பாளைத் தொட்ட கை அதைத் தூக்கவில்லை. அழுத்திப் பிடித்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. பெரியவர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்லம்மா."

வந்தது. ஒவ்வொரு எழுத்தும் வெள்ளையாக, கெட்டியாக, அவசரமே இல்லாமல் வெயிலைக் கடந்து போய்த் தொட்டிலுக்குள் இறங்கியது.

பாப்பா புரண்டு மல்லாந்திருந்தது. இமைமயிர் வெளுத்திருந்தது. உதட்டோரம் வெளுத்திருந்தது. சின்ன நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவிவிட்டு உள்ளே போயிற்று.

"பாப்பா என்ன பண்றா?"

"தூங்கறா. யாரையும் கூப்பிட வேண்டாம்."

இன்னொரு வெள்ளை. இன்னொன்று. ஐந்து பம்புகளும் இழுத்தன.

"அப்ப கதவத் திறங்க!"

"எழுப்பிடாதம்மா. நல்லாத் தூங்கறா."

தொட்டிலின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பாப்பா எழுந்து உட்கார்ந்தது. வெள்ளை இமைகளைத் திறந்து தாத்தாவைப் பார்த்தது. இரண்டு பல் முளைத்த வாயால் சிரித்தது. பிறகு, விளையாட்டுக் காட்டுவது போல, கன்னங்களை உப்பிக்கொண்டு அவரை நோக்கி வெள்ளையாக ஊதியது.